பள்ளியை எடைபோடும் தேர்வு பிள்ளை கற்க உதவுமா?

கரும்பலகை எழுதியது:

ஒரு கருத்தை விவாதத்துக்கு வைக்கிறேன். பொதுத்தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு பள்ளிகளையும் ஆசிரியர்களையும் தரம் பிரிப்பதை நிறுத்திவிட்டு, அதற்குச் செலவாகும் நேரத்தையும் உழைப்பையும் வகுப்பறையில் அன்றாடம் நடக்கும் மதிப்பீட்டின் பக்கம் திருப்ப வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவன் நான். அத்தனை ஆண்டுகளில் என் கைக்கு வந்த தேர்வு முடிவுகளில் ஒன்றுகூட, மறுநாள் காலையில் நான் எதை மாற்றிச் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குக் காட்டியதில்லை. பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் முடிவே வரும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 0.6, 0.45 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்டால் பல பிள்ளைகள் 0.45 என்பார்கள். முழு எண்களில் 45 என்பது 6-ஐ விடப் பெரியது. அந்தப் பழக்கத்தை அவர்கள் தசமப் புள்ளிக்கு வலப்புறமும் கொண்டுபோகிறார்கள். வேறு சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறாக, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் கூடக்கூட எண் சிறியதாகும் என்று நம்புகிறார்கள். நூறில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்று நாம் சொல்லித்தந்ததிலிருந்து அவர்களாகவே வருவித்துக்கொண்ட விதி அது. இப்போது தேர்வில் '0.75, 0.5 இவற்றில் பெரியது எது' என்று கேட்டால் முதல் வகையினர் சரியாக எழுதுவார்கள், '0.6, 0.45' என்று கேட்டால் இரண்டாம் வகையினர் சரியாக எழுதுவார்கள். இரண்டையும் கேட்டால் ஆளுக்கு ஒரு மதிப்பெண். மதிப்பெண் பட்டியலில் இருவரும் சமம். ஆனால் இருவருக்கும் நடத்த வேண்டிய பாடம் வேறு, இருவருமே தசமத்தைப் புரிந்துகொள்ளவில்லை.

வளரறி மதிப்பீடு (பாடம் நடக்கும்போதே பிள்ளையின் புரிதலை அறிந்து உதவுவது), தொகுத்தறி மதிப்பீடு (பாடம் முடிந்தபின் எவ்வளவு கற்றார் என்று அளப்பது) என்ற பிரிவினையை 1967-இல் மைக்கேல் ஸ்கிரிவன் முன்வைத்தார். பெஞ்சமின் புளூம் அதைப் பிள்ளைகளின் கற்றலுக்குப் பொருத்திக் காட்டினார். 1998-இல் பால் பிளாக், டிலன் வில்லியம் இருவரும் ஏறத்தாழ 250 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பாடம் நடக்கும்போதே பிள்ளையின் புரிதலை அறிந்து கற்பித்தலை மாற்றிக்கொள்ளும் வகுப்புகளில் கற்றல் உயர்கிறது என்றும், பின்தங்கிய பிள்ளைகளுக்கே அதனால் கூடுதல் பயன் என்றும் எழுதினார்கள். இவ்வளவு காலம் கழித்தும் நம் கவனமெல்லாம் தேர்ச்சி விழுக்காட்டின் மீதே இருப்பது எனக்குப் பெரும் வருத்தம்.

துலாக்கோல் எழுதியது:

கரும்பலகை ஐயா, தசமப் புள்ளி எடுத்துக்காட்டை முழுமையாக ஏற்கிறேன். அதிலிருந்து நீங்கள் எட்டும் முடிவை ஏற்க இயலவில்லை. நான் கல்வித் தரவுகளை ஆராயும் பணியில் இருப்பவன். வெளியாள் நடத்தும் தேர்வு என்ற ஒன்று இல்லாதபோது யாருடைய பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள் என்பதே என் கேள்வி.

அமெரிக்காவில் 2002-இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' சட்டத்தைப் பலரும் குறை சொல்கிறார்கள். பல குறைகள் உண்மையானவை. ஆயினும் அந்தச் சட்டம் ஒரு வேலையைச் செய்தது. பள்ளியின் சராசரியை மட்டும் காட்டினால் போதாது, ஏழைப் பிள்ளைகள், சிறுபான்மை இனத்தவர், மாற்றுத்திறன் கொண்டோர், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்போர் என ஒவ்வொரு பிரிவினரின் முடிவையும் தனியே வெளியிட வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தியது. அதற்கு முன் நல்ல சராசரியின் நிழலில் இந்தப் பிள்ளைகளின் நிலை மறைந்துகிடந்தது. தாமஸ் டீ, பிரையன் ஜேக்கப் ஆகியோரின் ஆய்வு, அந்தச் சட்டத்தால் நான்காம் வகுப்புக் கணக்கில் தெளிவான முன்னேற்றம் வந்ததைக் காட்டியது. வாசிப்பில் அப்படியொன்று தென்படவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

வேல்ஸ் நாட்டின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2001-இல் வேல்ஸ் பள்ளித் தரவரிசைப் பட்டியலை வெளியிடுவதை நிறுத்தியது. பக்கத்தில் உள்ள இங்கிலாந்து தொடர்ந்து வெளியிட்டது. இரண்டையும் ஒப்பிட்ட பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிறுத்தியபின் வேல்ஸ் மாணவர்களின் முடிவுகள் பின்தங்கியதைக் கண்டார்கள். மேல் கால் பங்கில் இருந்த சிறந்த பள்ளிகளுக்கு ஒன்றும் நேரவில்லை. இழப்பு மற்றப் பள்ளிகளின் மீதே விழுந்தது. யாருக்காக நாம் இந்த மாற்றத்தைக் கேட்கிறோமோ அவர்களே அதற்கு விலை கொடுத்தார்கள்.

ஆசிரியரின் கணிப்பை மட்டும் நம்புவதிலும் ஆபத்து இருக்கிறது. இங்கிலாந்தில் பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் தந்த மதிப்பீட்டையும், பெயர் முகம் தெரியாதவர் திருத்திய தேர்வின் முடிவையும் ஒப்பிட்டபோது, கரீபியக் கறுப்பினப் பிள்ளைகளை ஆசிரியர்கள் சராசரியாகக் குறைத்தே மதிப்பிட்டிருந்தது வெளிப்பட்டது. அந்த ஆசிரியர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனம் கொண்டவருக்கும் தன் கண்ணில் படியும் திரை தெரிவதில்லை.

கரும்பலகை எழுதியது:

துலாக்கோல் அவர்களே, வேல்ஸ் ஆய்வை நான் தள்ளிவிடப்போவதில்லை. ஆனால் அந்த ஆய்வு எதை அளந்தது என்று பாருங்கள். எந்தத் தேர்வின் முடிவு பட்டியலிடப்பட்டதோ, அதே தேர்வின் முடிவையே அது அளந்தது. பட்டியல் இருக்கும் நாட்டில் பள்ளிகள் அந்தத் தேர்வுக்கு முழு மூச்சாகத் தயாரிக்கும். பட்டியல் இல்லாத நாட்டில் அவ்வளவு தயாரிக்காது. அந்த வேறுபாட்டில் எவ்வளவு கற்றல், எவ்வளவு தேர்வுப் பயிற்சி என்பதைப் பிரித்தறிய வேறோர் அளவுகோல் வேண்டும்.

இந்தச் சிக்கல் பழையது. 1862-இல் இங்கிலாந்தில் 'விளைவுக்கேற்ற ஊதியம்' என்ற முறை வந்தது. அரசின் பள்ளி ஆய்வாளர் வந்து ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சோதிப்பார். ஒரு பிள்ளை ஒன்றில் தவறினால் பள்ளிக்கு வர வேண்டிய மானியத்தில் 2 ஷில்லிங் 8 பென்ஸ் குறையும். பள்ளி ஆய்வாளராகவே பணிபுரிந்த கவிஞர் மேத்யூ அர்னால்டு, பிள்ளைகள் உண்மையில் வாசிக்கவோ எழுதவோ கணக்கிடவோ அறியாமலே அந்தச் சோதனையைக் கடந்துவிடும்படி தயார்செய்யப்படுவதைத் தன் அறிக்கையிலேயே எழுதினார். வாசிப்பு நூலை மனப்பாடம் செய்த பிள்ளை, ஆய்வாளரின் கண்ணுக்கு வாசிக்கும் பிள்ளையாகவே தெரிந்தது. அந்த முறையை முற்றாகக் கைவிட முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

1970-களில் டொனால்ட் கேம்ப்பெல் என்ற சமூக அறிவியலாளர் இதையே ஒரு விதியாக வகுத்தார். ஓர் எண்ணை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த எண்ணும் கெடும், அது அளக்க வந்த பணியும் கெடும் என்பது அதன் சாரம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்ததை நீங்கள் அறிந்திருப்பீர்கள். 2011-இல் வெளிவந்த மாநில விசாரணை அறிக்கை, 44 பள்ளிகளில் 178 கல்வியாளர்களைத் தேர்வு முறைகேட்டில் தொடர்புபடுத்தியது. பிள்ளைகளின் விடைத்தாளில் தவறான விடையை அழித்துச் சரியான விடையைக் குறித்தவர்கள் ஆசிரியர்கள். அவர்கள் செய்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் திருத்தப்பட்ட அந்தத் தாளுக்குரிய பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அவனுக்கு உதவி தேவை என்று காட்டியிருக்க வேண்டிய ஒரே சான்றும் அழிரப்பரில் போய்விட்டது.

குற்றமே செய்யாத பள்ளிகளிலும் ஒரு சாய்வு நேர்கிறது. தேர்ச்சிக் கோடு என்று ஒன்றை வரைந்து, அதைத் தாண்டியவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளியை எடைபோட்டால், கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைகளுக்கே சிறப்பு வகுப்பு கிடைக்கும். சிகாகோ பள்ளிகளை ஆராய்ந்த டெரெக் நீல், டயான் ஷான்சன்பாக் இருவரும் நடுத்தர நிலையில் இருந்த பிள்ளைகள் முன்னேறியதையும், அடித்தட்டில் இருந்தவர்களுக்கு அதே பயன் கிட்டாததையும் கண்டார்கள். பின்தங்கியவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும் என்று நீங்கள் சொல்லும் அதே தேர்வுதான், இவனால் இந்த ஆண்டு கோட்டைத் தாண்ட முடியாது என்று கணக்குப் போட்டு அவனை ஒதுக்கவும் வழிசெய்கிறது.

இரு பிள்ளைகளின் தாய் எழுதியது:

உங்கள் இருவரையும் படித்தேன். நான் ஆசிரியரும் இல்லை, ஆய்வாளரும் இல்லை. என் மூத்த மகளுடைய பள்ளி மதிப்பெண் தராத பள்ளி. மூன்று ஆண்டுகள் அவளுடைய அறிக்கையில் 'நன்றாக முன்னேறுகிறாள், ஆர்வத்துடன் பங்கேற்கிறாள்' என்றே எழுதியிருந்தார்கள். ஒருநாள் என் தம்பி அவளுடன் உட்கார்ந்து ஒரு கதையை வாசிக்கச் சொன்னபோது, அவள் படத்தைப் பார்த்துக் கதையை ஊகித்துச் சொல்கிறாள், எழுத்தை வாசிக்கவில்லை என்று தெரிந்தது. அன்று இரவு நான் தூங்கவில்லை. என் குழந்தையோடு மூன்று ஆண்டுகள் இருந்த பெரியவர்களில் ஒருவரும் இதைக் கவனிக்கவில்லையா, கவனித்தும் எனக்குச் சொல்லவில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இளையவனின் பள்ளியில் வெளித்தேர்வு உண்டு. அங்கிருந்து வந்த தாளில் அவனுடைய மதிப்பெண், வகுப்புச் சராசரி, பள்ளியின் இடம் எல்லாம் இருந்தன. அவன் எதில் தடுமாறுகிறான், வீட்டில் நான் என்ன செய்யலாம் என்பதற்கு ஒரு வரியும் இல்லை. ஒருவர் எனக்கு உண்மையைச் சொல்லவில்லை, இன்னொருவர் சொன்ன உண்மை எனக்குப் பயன்படவில்லை. உங்கள் விவாதத்தில் நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.

நடைவண்டி எழுதியது:

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. நான் ஏழு ஆண்டுகளாக ஆறாம் வகுப்புக்குக் கற்பிக்கிறேன். என் வகுப்பில் நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள்.

கரும்பலகை ஐயா சொல்லும் மாற்றம் என் பள்ளிக்கு ஒரு முறை வந்தது. வளரறி மதிப்பீடு என்ற பெயரில் என் மேசைக்கு வந்தவை பதிவேடுகள். ஒவ்வொரு பிள்ளைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும், ஒவ்வொரு மாதமும் செயல்பாட்டு மதிப்பெண் இட வேண்டும். அதற்குச் சான்றாகப் பிள்ளை செய்த தாளையும் இணைக்க வேண்டும். பார்வையிட வந்தவர் பதிவேடு நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தாரே தவிர, ஒரு பிள்ளையையும் கூப்பிட்டுப் பேசவில்லை. நாங்கள் இரவில் அமர்ந்து கட்டங்களை நிரப்பினோம். கற்றலுக்கான மதிப்பீடு என்று தொடங்கியது, பொறுப்புக்கூறலின், அதாவது பள்ளி மேலிடத்துக்குக் கணக்குக் காட்டுவதன், இன்னொரு வடிவமாகவே முடிந்தது. மதிப்பீட்டின் பெயரை மாற்றிவிட்டு மேலிருப்பவர் கேட்கும் கேள்வியை மாற்றாமல் விட்டால் இதுதான் நடக்கும்.

பதிவேட்டை ஓரம் வைத்துவிட்டு நான் இப்போது செய்வதைச் சொல்கிறேன். பாடத்தின் நடுவில், அடுத்த பகுதிக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு வினா கேட்பேன். நான்கு விடைகளில் மூன்று தவறான விடைகளும் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்திலிருந்து பிறந்தவையாக இருக்கும்படி அமைப்பேன். மூன்றில் ஒன்றையும் நான்கில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் ஏழில் இரண்டு என்பது அப்படிப்பட்ட ஒரு விடை. மேலெண்களைத் தனியே, கீழெண்களைத் தனியே கூட்டியவரே அதைத் தேர்வார். எல்லோரும் ஒரே நேரத்தில் விரலால் விடை எண்ணைக் காட்ட வேண்டும். கை தூக்கியவரை மட்டும் கேட்டால் தெரிந்தவரின் விடை மட்டுமே என் காதில் விழும். இதற்கு இரண்டு நிமிடம் போதும். எழுதி வைக்க எதுவும் இல்லை. யார் யாரை எங்கே நிறுத்திப் பேச வேண்டும் என்று அப்போதே தெரிந்துவிடும். நல்ல வினா ஒன்றை அமைக்கத்தான் நேரம் பிடிக்கிறது. சில வினாக்களுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போயிருக்கிறது. எங்களுக்கு வேண்டியது பதிவேடு இல்லாத அந்த மாலைப்பொழுதும், வினாவைக் காட்டிக் கருத்துக் கேட்கச் சக ஆசிரியர் ஒருவரும்.

தாளைத் திருத்தித் தரும்போதும் ஒரு பாடம் கற்றேன். 1988-இல் ரூத் பட்லர் நடத்திய ஆய்வில் சில பிள்ளைகளுக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் குறிப்புரை மட்டும், சிலருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டார்கள். என் வகுப்பிலும் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தாளில் எண் இருந்தால் பிள்ளையின் கண் முதலில் எண்ணுக்கும் பிறகு பக்கத்தில் இருப்பவனின் எண்ணுக்கும் போகிறது. நான் சிவப்பு மையில் எழுதிய இரண்டு வரி படிக்கப்படாமலே பைக்குள் போகிறது.

துலாக்கோல் எழுதியது:

நடைவண்டி அவர்களின் பதிவு என்னைச் சிந்திக்க வைத்தது. பதிவேடு குறித்து அவர் சொல்வது முழு உண்மை. அத்தகைய பதிவேடுகளிலிருந்து வந்த தரவுகளை நான் கையாண்டிருக்கிறேன், அவற்றில் எல்லாப் பிள்ளைகளும் எல்லா மாதமும் முன்னேறியிருந்தார்கள். அந்தத் தரவால் யாருக்கும் எந்தப் பயனும் இருந்ததில்லை.

ஆனால் வளரறி மதிப்பீட்டின் பயனை மிகைப்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1998-இல் சொல்லப்பட்ட அளவுக்குப் பெரிய பயன் பின்னர் பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட தொகுப்பாய்வுகளில் தென்படவில்லை. இங்கிலாந்தில் 140 மேல்நிலைப் பள்ளிகளில் நடத்திய சோதனையின் முடிவு 2018-இல் வெளிவந்தது; ஆசிரியர்களுக்கு ஈராண்டு வழிகாட்டியபின் கிடைத்தது ஏறத்தாழ இரண்டு மாதக் கற்றலுக்கு இணையான கூடுதல் முன்னேற்றம். அது நல்ல பயன், குறைந்த செலவில் கிடைத்த பயன். அதற்காக மற்ற எல்லாவற்றையும் கைவிடலாம் என்று சொல்லும் அளவுக்கானது இல்லை.

ஒரு படி இறங்கி வருகிறேன். ஒரு நாட்டின் கல்வி முறை எப்படி இருக்கிறது என்று அறிய ஒவ்வொரு பிள்ளையையும் சோதிக்கத் தேவையில்லை. அமெரிக்காவின் தேசியக் கல்வி முன்னேற்ற மதிப்பீடு 1969 முதல் மாதிரி ஆய்வாகவே நடக்கிறது. தேர்ந்தெடுத்த பள்ளிகளில் தேர்ந்தெடுத்த பிள்ளைகள் மட்டும் எழுதுகிறார்கள்; ஒவ்வொருவருக்கும் மொத்த வினாக்களில் ஒரு பகுதி மட்டுமே தரப்படுகிறது. எந்தப் பிள்ளைக்கும், எந்தப் பள்ளிக்கும் தனி மதிப்பெண் வராது என்பதால் அதற்காக யாரும் பயிற்சி தருவதில்லை. அதனால் அந்த எண் கெடாமல் இருக்கிறது. கேம்ப்பெல் விதிக்கு இது ஒரு விடை. அரசின் பொறுப்புக்கூறலை இந்த வழிக்கு மாற்றலாம் என்பதை ஏற்கிறேன்.

ஆனால் அந்தத் தாய் எழுதியதை நாம் மறந்துவிடக் கூடாது. மாதிரி ஆய்வு அவருடைய மகளைக் கண்டுபிடிக்காது. அவளுடைய வகுப்பில் விரல்விட்டு விடை காட்டச் சொல்லும் ஆசிரியரும் இல்லை. அவளுக்கு வெளியிலிருந்து ஒரு கண் தேவைப்பட்டது.

கரும்பலகை எழுதியது:

நீங்கள் ஒரு படி இறங்கினீர்கள், நானும் இறங்குகிறேன். அந்தத் தாயின் பதிவுக்கு என்னிடம் விடை இல்லை என்பதை நேற்று இரவே உணர்ந்தேன். நல்ல ஆசிரியரை மனத்தில் வைத்தே நான் என் வாதத்தைக் கட்டியிருந்தேன்.

நீங்கள் காட்டிய வேல்ஸுக்கே திரும்பிப் போவோம். அங்கே பின்னர் வாசிப்புக்கும் கணக்குக்கும் தேசியத் தேர்வு மீண்டும் வந்தது. 2018-க்குப் பின் தாள் தேர்வின் இடத்தில், பிள்ளையின் விடைக்கேற்ப அடுத்த வினாவை மாற்றிக்கொள்ளும் கணினி மதிப்பீடு படிப்படியாகக் கொண்டுவரப்பட்டது. ஆண்டில் எப்போது நடத்துவது என்பதைப் பள்ளியே முடிவுசெய்கிறது. பிள்ளைக்கு என்ன கைவந்திருக்கிறது, அடுத்து எதில் உழைக்க வேண்டும் என்ற குறிப்பு ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் போகிறது. பள்ளிகளை வரிசைப்படுத்த அது பயன்படுவதில்லை. வெளிக்கண்ணும் இருக்கிறது, கற்பித்தலுக்கு உதவும் செய்தியும் இருக்கிறது. இப்படி ஒன்றை நான் எதிர்க்க மாட்டேன்.

துலாக்கோல் எழுதியது:

அப்படியானால் நமக்குள் எஞ்சியிருப்பது ஒரே வேறுபாடு. அந்த முடிவுகளைப் பள்ளிக்கு மேலிருக்கும் அதிகாரி பார்க்கலாமா? பார்க்க வேண்டும் என்கிறேன் நான். ஒரு பள்ளியின் மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றால், அதை அறிந்த ஒருவர் பள்ளிக்கு வெளியேயும் இருக்க வேண்டும்.

கரும்பலகை எழுதியது:

பார்க்கலாம், ஒரு கட்டுப்பாட்டுடன். பார்த்தவர் முதலில் அனுப்ப வேண்டியது விளக்கம் கேட்கும் கடிதமாக இருக்கக் கூடாது. வாசிப்பு கற்பிக்கத் தெரிந்த ஒருவரை அந்தப் பள்ளிக்கு அனுப்பி, குறைந்தது ஓராண்டு அந்த ஆசிரியர்களோடு வகுப்பில் நிற்கச் செய்ய வேண்டும். கடிதம்தான் முதலில் வரும் என்று தெரிந்தால், எங்கள் ஆட்கள் அடுத்த முறை எண்ணை மட்டுமே சரிசெய்வார்கள்.

துலாக்கோல் எழுதியது:

ஏற்கிறேன். ஆனால் ஓராண்டு, ஈராண்டு உதவி சென்றும் ஒன்றும் மாறாவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை நான் விட்டுவிடவில்லை. அதற்கு நீங்கள் விடை சொல்லியாக வேண்டும்.

நடைவண்டி எழுதியது:

ஐயா, இன்று என் வகுப்பில் உங்கள் இரண்டு தசம வினாக்களையும் கேட்டுப் பார்த்தேன். 0.45 பெரியது என்று காட்டியவர்கள் நான் நினைத்ததை விட அதிகம். அவர்களை எப்படித் திருப்புவது என்று எனக்குத் தெரியும். ஆனால் 0.75-ஐ விட 0.5 பெரியது என்று ஐந்தாறு பேர் காட்டினார்கள். அவர்களில் இருவர் எல்லாத் தேர்விலும் நல்ல மதிப்பெண் வாங்குபவர்கள். இந்த இரண்டாம் வகையினருக்கு நீங்கள் எப்படிச் சொல்லித்தந்தீர்கள்?

கரும்பலகை எழுதியது:

பத்துக்குப் பத்துக் கட்டம் போட்ட தாளை ஆளுக்கு இரண்டாகக் கொடுங்கள் அம்மா. முழுத் தாளும் ஒன்று என்று வைத்துக்கொள்ளச் சொல்லி, ஒன்றில் 0.5-க்கும் மற்றதில் 0.75-க்கும் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். நூறில் ஒரு கட்டம் சிறியது என்ற அவர்களுடைய எண்ணம் சரிதான் என்று முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட சிறிய கட்டங்கள் எழுபத்தைந்து சேர்ந்திருப்பதை அவர்களே எண்ணிக் காணட்டும். பெரியது எது என்று நீங்கள் சொல்லிவிடாதீர்கள். பிறகு 0.4, 0.625 என்று கேளுங்கள். சிலர் பழைய விதிக்கே திரும்புவார்கள், அப்போது மீண்டும் தாளுக்குப் போங்கள்.

துலாக்கோல் எழுதியது:

நடைவண்டி அவர்களே, ஒரு வேண்டுகோள். ஒரு மாதம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல், வேறு எண்களை வைத்து அதே இரண்டு வினாக்களை மீண்டும் கேட்டுப் பாருங்கள். யாருடைய பெயரும் வேண்டாம். எத்தனை பேர் பழைய விதியை விட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் இந்த இழையில் எழுதுங்கள்.